கொதிகலனில் ஒன்று, மேசையில் ஒன்று

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குத் துணைக்கு இரண்டு பேய்கள். கெட்டதுகள் இல்லை, ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கொதிகலனில் இருப்பது முன்கோபி. "ஐயா, கொஞ்சம் மனசு வைங்க" என்று காலையில் கெஞ்சினால்தான் தண்ணீர் சுடும்; குரலில் சலிப்பு தட்டினால் போச்சு, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இஸ்திரி மேசையில் இருப்பது வாயில்லாப் பூச்சி. "போடு, மடி, நகரு" என்றால் முந்நூறு விரிப்பும் மடிந்துவிடும்.

ஆறு வருஷமாகக் கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. வேலையை விடுவதாக எழுதிய கடிதம் இன்று பையில் இருந்தது. போகிற வழியில் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டால் விட்டது சனி.

சாயங்காலம் விளக்கை அணைத்தபோது, மேசைப் பக்கமிருந்து முதல்முறையாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, தினம் அவர்கிட்ட மட்டும் சொல்லிட்டுக் கிளம்புறீங்க. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "இனிமே உங்கிட்டயும் கெஞ்சணுமா? என்னால முடியாதும்மா."

"கெஞ்ச வேணாம்க்கா. போயிட்டு வரேன்னு சொன்னாப் போதும்."

இத்தனை வருஷத்தில் அது கேட்டது இவ்வளவுதான். "போயிட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மேற்பார்வையாளரின் அறை வாசலில் கடிதத்தை எடுத்தபோதுதான் உறைத்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாளே! வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டு, கடிதத்தைப் பைக்குள் திணித்தபடி படியிறங்கினாள்.