கயிறு கட்டிய மூன்றாம் நாள்

முருகானந்தம் காலை டீயை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிட்டது. கை அப்படி நடுங்கியது. எடமலைப்பட்டி புதூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிற கை அது. மனைவி மலர்க்கொடி துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்துத் துடைத்து அலுத்துப் போனவள்.

இனிக் குடிக்க மாட்டேன் என்று துறையூர்ப் பக்கம் ஒரு கோயிலில் அவன் கயிறு கட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. தெருவே மெச்சியது. மெச்சுவதற்கு என்ன, காசா பணமா?

சாயங்காலம் அவனுக்கு வேர்த்து ஊற்றியது. வெறும் சுவரைக் காட்டி, "பூச்சி ஊருது, தட்டி விடு" என்று கத்தினான். அவன் அண்ணன் வீரமலை ஓடி வந்து கற்பூரம் ஏற்றினான்.

"ஆத்தா எறங்கியிருக்கா. கயிறு கட்டின உடம்புல ஊசி பட்டா தெய்வக்குத்தம். எங்கயும் தூக்கிட்டுப் போகாத."

"மாமா, அவருக்கு என்னையே அடையாளம் தெரியலைங்க."

"கொஞ்சம் பொறும்மா."

பொறுத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. சற்று நேரத்தில் முருகானந்தத்துக்குக் கை கால் வெட்டி இழுத்தது. வீரமலை அவன் கையில் கொடுக்க இரும்புச் சாவியைத் தேடினான். மலர்க்கொடி தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்தாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கமலினி வலிப்பை அடக்கிவிட்டு வெளியே வந்தார்.

"தினமும் குடிச்சுப் பழகின உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா மூளை தடுமாறும், வலிப்பு வரும். உயிரே போயிருக்கும். கல்லீரலும் கெட்டிருக்கு. நிறுத்தறதுக்கு முன்னாடியே வந்திருந்தா, மருந்து குடுத்து பத்திரமா நிறுத்தியிருப்போம்."

"நிறுத்தினா நல்லதுன்னுதாங்க நெனச்சோம்."

"நல்லதுதாம்மா. தனியா நிறுத்தினதுதான் ஆபத்து."

சில நாள் கழித்து முருகானந்தம் கண் விழித்து, "மலரு" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

"அதான் தெளிஞ்சிட்டானே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றான் வீரமலை. "இனிமே மனசு உறுதியா இருந்தா போதும்."

மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா திமிர்னு இவரைத் திட்டினேன், மாமா. மானங்கெட்டவர்னு திட்டினேன். இது வியாதின்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. சக்கரை வியாதிக்காரரை மனசு உறுதியா இருன்னு சொல்லி வீட்டுலயே வச்சிக்குவோமா? குடியை விட மனசு வேணும்தான், கூடவே வைத்தியமும் வேணும். டாக்டர் போகச் சொல்ற வரைக்கும் இவர் இங்கதான் இருப்பார்."