தட்டினால் திறக்க வேண்டாம்

‘எட்டி உதை’ என்பது அந்த இசைக்குழுவின் பெயர். பெயருக்கேற்பவே அவர்கள் பாடிவந்தார்கள். பங்க் இசை என்று சொல்லிக்கொண்டு, வாடகையை ஏற்றியவர், விடுப்புத் தராத மேலாளர், பச்சைக்கு மாறாத போக்குவரத்து விளக்கு என எல்லாரையும் எல்லாவற்றையும் இரண்டே நிமிடப் பாட்டில் திட்டித் தீர்த்தார்கள். குழுவில் மூன்றே பேர். மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுதும் நோயாளிகளின் வரிசை எண்ணைக் கூவி அழைக்கும் அக்காள், கிட்டார் வாசித்துப் பாடினாள். ஒரு குடியிருப்பின் குழாய்களைப் பழுதுபார்க்கும் அவள் கணவர், பேஸ் கிட்டார் வாசித்தார். அவள் தம்பி டிரம்ஸ் அடித்தான். கை ஓடும் வேகத்தைக் கண்டு எல்லாரும் அவனைப் ‘பட்டாசு’ என்றே அழைத்தார்கள்.

பட்டாசுக்கு மூடிய இடம் ஆகாது. வீடு வீடாகப் பார்சல் கொண்டு சேர்ப்பது அவன் வேலை; ஆயினும் லிஃப்டில் கால் வைக்கமாட்டான். எத்தனை மாடியானாலும் படியேறியே போவான். சுறுசுறுப்பான பையன் என்று மெச்சியவர்களிடம் அவன் உண்மையைச் சொன்னதில்லை. அக்காளுக்கு மட்டும் தெரியும். சிறு வயதில் அலமாரிக்குள் சிக்கிக்கொண்டு அவன் அலறியபோது ஓடிவந்து கதவைத் திறந்தவள் அவள்தான்.

மொட்டைமாடிக் கொட்டகையில் நடந்த பயிற்சியை அக்கம்பக்கத்தார் புகார் செய்து நிறுத்திவிட்டார்கள். அக்காளின் கணவரான மாமாதான் மாற்றிடம் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்த குடியிருப்பில், புதிய தொட்டி கட்டிய பிறகு கைவிடப்பட்ட நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது.

“துடைச்சு வச்ச மாதிரி காஞ்சு கிடக்கு. காத்துக்குக் குழாய் போட்டாச்சு. ஒருத்தனும் சத்தம்னு வந்து நிக்க மாட்டான்.”

“மூடி?” என்றான் பட்டாசு.

“மூடாம வாசிச்சா நம்மள மூடிருவாங்க மச்சான்.”

அது வார்ப்பிரும்பு மூடி. உள்ளிருந்து தள்ளினால் அசையாது. வெளியே சங்கிலி போட்டு, காவலாளி உருளையைச் சுழற்றினால்தான் எழும்பும். பயிற்சி முடியும் நேரம் பார்த்து அவர் வந்து திறப்பதாக ஏற்பாடு. உள்ளே இருப்பவர் தாமாக வெளியே வர இயலாத ஓரிடத்தைப் பயிற்சி அறை என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்? அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய பட்டாசு, அக்காளின் முகத்தில் நெடுநாள் கழித்துத் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினான்.

முதல் நாளே பாட்டு கூழாயிற்று. ஓர் அடி சுவரில் மோதித் திரும்புவதற்குள் அடுத்த அடி விழுந்தது, அதன்மேல் அதற்கடுத்தது.

“இவன் ஒருத்தன் அடிச்சா ஒன்பது பேர் அடிக்கிற மாதிரி கேக்குது,” என்றார் மாமா. “மீதி எட்டு பேருக்கும் டீ வாங்கணுமா?”

அக்காள் சிரிக்கவில்லை. எதிரொலி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “டேய், ஒண்ணு அடி. நில்லு. அது அடங்கினதும் அடுத்தது அடி.”

அவன் அவ்வாறே அடித்தான். அந்த இடைவெளியில், கத்தாமல், அடித்தொண்டையில் ஒரு வரியை அவள் இழுத்தாள். நான்கு சுவர்களும் சேர்ந்து பாடின. பகலெல்லாம் எண்களைக் கூவிக் கூவித் தேய்ந்த அந்தக் குரலுக்குள் இப்படியோர் ஆழம் இருந்தது மூவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

பங்க் குழு, இருளையும் சோகத்தையும் இழுத்துப் பாடும் ‘காத்திக்’ குழுவாக மாறிய கதை இவ்வளவுதான். கைப்பேசியில் பதிந்து வெளியிட்ட பாட்டுகள் பரவின. கறுப்புச் சட்டையும் கண்ணில் அப்பிய மையுமாகப் புது ரசிகர்கள் முளைத்தார்கள். “எட்டி உதைன்னு இருந்தீங்க, இப்ப எட்டிப் பார்த்துட்டு அழறீங்க” என்று பழைய ரசிகர்கள் கேலி செய்தார்கள்.

பட்டாசின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. கை ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்கு மூடியின் நினைவு வராது. வேகம்தான் அவனுக்குச் சன்னலாக இருந்தது. இப்போதோ ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரமெல்லாம் தலைக்கு மேலிருந்த கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில் மூச்சு நின்றுவிட்டதுபோல் இருந்தது. எழுந்தான், ஏணியில் தாவி ஏறினான், கையிலிருந்த குச்சியால் மூடியை ஓங்கி ஓங்கி அடித்தான்.

“திறங்க! அக்கா, திறக்கச் சொல்லு! மூச்சு முட்டுது!”

காவலாளி பதறித் திறந்தார். பட்டாசு வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்து காற்றை வாங்கினான். அவன் பேசத் தொடங்குமுன் மாமா கைப்பேசியை அவன் காதருகே வைத்தார். எல்லாம் பதிவாகியிருந்தது.

“மச்சான், கேளு! புல்லரிக்குதுடா!”

“மாமா, நான் நடிக்கல. நிஜமாவே...”

“நிஜமா இருக்கறதாலதான்டா இவ்வளவு நல்லாருக்கு!”

உதவி கேட்டுக் கதறிய ஒருவனுக்குக் கிடைத்த மறுமொழி அது. அந்தக் கதறலைப் பல்லாயிரம் பேர் கேட்டார்கள். கேட்டவர் அனைவரும் பாராட்டினார்கள். ஒருவர்கூட, ‘அந்தப் பையன் வெளியே வந்தானா?’ என்று விசாரிக்கவில்லை. ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று, அதே தொட்டியில் அதே பாட்டை முறையாகப் பதிந்து தருவதாகச் சொல்லி அனுப்பியது. மாமா பட்டாசையும் இழுத்துக்கொண்டு காவலாளியிடம் ஓடினார்.

“அண்ணே, தட்டறது பாட்டுல வருது. அன்னைக்கு மாதிரி நடுவுல திறந்துடாதீங்க. தட்டினா திறக்க வேண்டாம்.”

“அப்ப எப்பதான் திறக்கறது?”

“ஒரு சத்தமும் கேக்காம நல்லா அடங்கினப்புறம்.”

“தட்டினா திறக்கக் கூடாது, சும்மா இருந்தா திறக்கணும். நல்ல வீடுப்பா உங்களுது,” என்றார் காவலாளி.

பதிவு நாளன்று, ஒலிப்பதிவாளர் தம் கருவிகளோடு முதலில் இறங்கினார். மாமா பின்தொடர்ந்தார். பட்டாசு தொட்டியின் விளிம்பிலேயே நின்றான்.

“அக்கா, அது பாட்டு இல்லக்கா. செத்துடுவேன்னு நினைச்சுத்தான் தட்டினேன்.”

“தெரியும்டா.”

“தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும்.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “தினமும் நம்பர் கூவிக்கிட்டே கிடக்கேன். என் குரலைக் கேக்கணும்னு இப்பதான் ஒருத்தர் வந்திருக்கார். இன்னைக்கு ஒரு நாள்டா. அப்புறம் நீ இதுல இறங்கவே வேண்டாம்.”

அவன் இறங்கினான். மூடி இறங்கியது. சங்கிலி கலகலத்து ஓய்ந்தது.

பாட்டு நன்றாகவே நடந்தது. அக்காளின் குரல் சுவர்களைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக் கேட்டார். அவன் ஏறித் தட்ட வேண்டிய இடம் வந்தது. அவன் எழவில்லை. குச்சிகள் மடியில் கிடந்தன. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போனதாகத் தெரியவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மாமா பேஸை நிறுத்தாமல், கண்ணால் ஏணியைக் காட்டினார். அக்காள் திரும்பிப் பார்த்தாள். கிட்டாரைக் கழற்றிக் கீழே போட்டாள். அது விழுந்த ஓசை தொட்டியெங்கும் முழங்கியது. ஏணியில் ஏறி, இரண்டு கைகளாலும் மூடியை அறைந்தாள்.

“அண்ணே, திறங்க! என் தம்பி... திறங்கண்ணே!”

ஒலிப்பதிவாளர் முகமலர்ந்து கட்டை விரலை உயர்த்தினார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடி அசையவில்லை. அவள் மறுபடியும் அறைந்தாள். மேலேயிருந்து மறுமொழி வந்தது. காவலாளி தம் கைத்தடியால், அவளுடைய அடிக்குப் பொருத்தமாக, மூடியின் மேல் தாளம் போட்டார்.

“இது பாட்டு இல்லண்ணே!” என்று அவள் கத்தினாள். தாளம் இன்னும் உற்சாகமாக விழுந்தது.

அப்போது கீழிருந்து தம்பியின் குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாத அளவு மெலிந்திருந்தது.

“அக்கா... தட்டாத. சத்தம் போடாத. அடங்கினாத்தான் திறப்பார்.”

அவள் கைகளை எடுத்துக்கொண்டாள். இறங்கி வந்து மாமாவின் பேஸ் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தினாள். ஏதோ கேட்க வாயெடுத்த ஒலிப்பதிவாளரை ஒரு பார்வையில் அடக்கினாள். பிறகு தம்பியின் அருகே தரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டிருந்தது.

அவள் அறைந்த அறைகள் இன்னும் சுவருக்குச் சுவர் போய்வந்துகொண்டிருந்தன. இரண்டு அடிகளுக்கு நடுவே உட்காரப் பொறாதவன், வாயைப் பொத்திக்கொண்டு, அந்த எதிரொலி அடங்குவதற்காகக் காத்திருந்தான். மேலே கைத்தடி ஒருமுறை தட்டியது. பதில் வருமா என்று பார்ப்பதுபோல் மீண்டும் ஒருமுறை தட்டியது. கீழே யாரும் அசையவில்லை.