ஒரு டிஸ்க்குக்குத்தான் இடமிருந்தது

1

இந்தக் கதை என் சாப்பாட்டு மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. 2006, அமெரிக்காவில் ரவுண்ட் ராக், ஒரு சனிக்கிழமை மதியம். எதிர் அபார்ட்மென்ட் தென்றல் ஒரு கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். ஒயர்கள் தரைவரை தொங்கின. காலில் செருப்பில்லை.

"மீனாக்ஷிக்கா, இத யாரும் ஆன் பண்ணக் கூடாது" என்றாள்.

எனக்கு நேராகத் தெரிந்தது இங்கிருந்துதான். முந்தையதைப் பிறகு அவளிடமும் அவள் கணவனிடமும் கேட்டுச் சேர்த்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: 'டெக்சாஸ் வெயில் அன்றைக்கு மூர்க்கமாக' — வேண்டாம். வெயில் எந்தத் தப்பும் செய்யவில்லை. அடுத்த முயற்சி: 'ஒரு கணவன், ஒரு மனைவி, நடுவில் ஒரு பெட்டி' — இது எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு வாசிக்கிறது.

அசெம்பிள் செய்த நாளிலிருந்து சொல்கிறேன்.

2

செழியன் சாஃப்ட்வேர் டெஸ்டர். அவன் மனைவி தென்றல் கோபியில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள். இங்கே டிபென்டன்ட் விசா. வேலைக்குப் போக முடியாது. அவனுக்கு கேம் விளையாட வேண்டும், அவளுக்குப் பாட்டு ரெக்கார்ட் பண்ண வேண்டும். வீட்டில் ஒரே பெட்ரூம். வசதிக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் கட்டுப்படியானது, அதுவும் சின்னதாக.

பாகங்களை வரவழைத்துக் கார்ப்பெட்டில் பரப்பி இருவரும் சேர்ந்தே பூட்டினார்கள். பெட்டி, செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. அவன் விரல் நுழையாத சந்துகளில் அவள் கேபிள் சொருகினாள். கிராஃபிக்ஸ் கார்டு அவனுக்கு, சவுண்ட் கார்டு அவளுக்கு. ஹார்ட் டிஸ்க் மட்டும் பொது. இரண்டாவது டிஸ்க் வைக்க உள்ளே இடமில்லை. முதல் தடவையே ஆன் ஆனதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

(இங்கே 'அவர்களுடைய இல்லறமும் அந்தப் பெட்டியைப் போலவே' என்றொரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். பெட்டிக்கு வலிக்காது.)

3

அவன் ஆபீஸ் போனபின் அவள் ரெக்கார்ட் பண்ணுவாள். சொந்த வரிகள், சொந்த மெட்டு. ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று ஆகஸ்ட் மாதத்தில் அதை நிறுத்திவிட்டுப் பாடுவாள். முடித்துவிட்டு வெளியே வரும்போது மழையில் நனைந்தவள் மாதிரி இருப்பாள். ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படி நடந்தது.

செழியனை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. என் முதல் வரைவில் அவன் வில்லன். ஆனால் அவளுக்கு நல்ல ஹெட்போன் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் கதை சுலபமாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவள் கீழே லாண்ட்ரி ரூமுக்குப் போயிருந்தாள். அவன் புது கேம் ஒன்றை இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்தான். டிஸ்க்கில் இடமில்லை. ஒரு ஃபோல்டர் நிறைய 'ஆடியோ 1', 'ஆடியோ 2' என்று பெயரில்லாத ஃபைல்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டிலீட் பண்ணினான். (அப்படிச் செய்தால் குப்பைத்தொட்டியில்கூடத் தங்காது.) பிறகு கேமை ஏற்றினான்.

அவள் துணிக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"குப்பை ஃபைலெல்லாம் க்ளீன் பண்ணிட்டேன், நெறைய எடம் வந்துருச்சு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அவள் திரையைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

4

அழித்த ஃபைல், அதன்மேல் வேறொன்று பதியும்வரை டிஸ்க்கிலேயே கிடக்கும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. என் மேஜையில் வைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். ஒன்று கைநழுவி உருண்டோடியது. டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டாள். ஃபைல்கள் ஒவ்வொன்றாக, வெறும் எண்களாக, மேலே வந்தன.

முதல் ஃபைலைத் தட்டினாள். அவள் குரல் வந்தது. சன்னமாக, அவசரமில்லாமல். அடுத்த வரி எங்கே போகுமென்று நான் காத்திருந்தபோது, தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு இரைச்சல். ஸ்பீக்கரை அணைக்கப் பாய்ந்தேன்.

"கேம்-க்கா" என்றாள். "பாட்டு இருந்த எடத்துல அது ஏறிக்கிச்சு."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முழுசாக இருந்தது.

5

செழியன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் அவள் செருப்பு. எப்போது வந்தான் என்று தெரியாது.

"எல்லாமே ஆடியோ, ஆடியோன்னு இருந்துச்சு. ஜங்க்-னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல."

"நீ வீட்ல இல்லியே."

"கீழ தானுங்க இருந்தேன்."

அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். பிறகு, "கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான்.

 வேறு யாரோ பேசியதைக் கேட்டுவிட்டவன்போல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால் நாங்கள் மூவரும் கொஞ்சம் பிழைத்திருப்போம்.

தென்றல் நான்காவதைத் தட்டினாள். பாதிப் பாட்டு, பிறகு இரைச்சல். இந்தத் தடவை யாரும் அணைக்கவில்லை. அது ஓடி முடிந்தது. செழியன் கதவு நிலையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"இதெல்லாம் நீயா பண்ணின?"

"ஒரு வருஷமா இந்த வீட்லதான் பண்ணிட்டிருக்கேன். நீங்க கேட்டதே இல்லீங்களே."

(காதால் கேட்பதா, வாயால் கேட்பதா? நம் மொழியில் இரண்டும் ஒரே சொல். அவள் விளக்கவில்லை. நானும் விளக்கப்போவதில்லை.)

6

ஏறக்குறைய பாதிப் பாட்டுகள் பிழைத்தன. சாயங்காலம் அவள் டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் செருப்பை அவள் காலடியில் வைத்தான். போட்டுக்கொண்டாள். எதிரே அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. இடதுபுறம் பார்க்கிங்குக்கு இறங்கும் படிகள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறுகிறாள். ஒன்றில் இருவரும் கார்ப்பெட்டில் உட்கார்ந்து, மிஞ்சியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கிறார்கள். இன்னொன்றில் அவன் மட்டும் — வேண்டாம்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று வருஷம் கழித்து இதை எழுதுகிறேன்; போன வாரம் தென்றலுக்கு போன் பண்ணினேன். "முடிவை எழுதட்டுமா?" என்றேன்.



"யோசிச்சுச் சொல்றேன்-க்கா."

இன்னும் சொல்லவில்லை. கீழே உள்ள இடம் அவளுடையது. உங்களுக்கு ஏதாவது முடிவு தோன்றினால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதிவிடாதீர்கள்.