சிவப்பு மூடிப் பாட்டில்

புரட்டாசி பிறந்துவிட்டால் வீரம்மாவின் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட எட்டிப் பார்க்காது. மீன் வெட்டும் கத்தியும் பலகையும் பழைய துணியில் சுற்றி ஸ்டோர் அறைக்குப் போய்விடும். சட்டி பானைகளைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்பு எரியும். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில், மாமியார் காளியம்மா நடத்திய ஒழுங்கு அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை இடித்து, குடும்பம் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் வீடு வாங்கிய பிறகும் அந்த ஒழுங்கில் இம்மியும் குறையவில்லை. குறைய அவள் விடவில்லை.

இந்த வருடம் அவளுக்குச் சோதனை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அந்தப் பக்கம் இருப்பது கொழுந்தன் ஜெயபாலனின் வீடு. அவன் மனைவி பிரமிளாவுக்கு ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. சாயங்காலம் வந்து, குளித்து, அவள் அடுப்படிக்குள் நுழைந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம் மதிலேறிக் குதிக்கும். ஒரு நாள் புளியும் கூலா மலாக்கா வெல்லமும் சேர்ந்து சுண்டிய வாசம். மறுநாள் வறுத்த கடலையும் எலுமிச்சை வாசமடிக்கும் செராய்ப் புல்லும். அதற்கு மறுநாள் இஞ்சியும் லீமா எலுமிச்சையும். சோயாக்கட்டித் தோபு அதே தோபுதான், கத்தரிக்காய் அதே கத்தரிக்காய்தான். ஆனால் நேற்றைய வாசம் இன்றைக்கு இருக்காது.

வாசம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று வீரம்மா இருந்திருப்பாள். ஆனால் அது வந்த கையோடு அவள் புருஷனை இழுத்துக்கொண்டு போயிற்று.

பிச்சைமுத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து பெண்டாட்டி வைத்ததை வாய் திறக்காமல் சாப்பிட்டவர். அப்படிப்பட்டவர் இப்போது தட்டின் முன் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்.

“இன்னிக்கு என்ன?”

“சாம்பாரு.”

“நேத்து?”

“நேத்து பருப்புக் குழம்பு.”

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு முருங்கைக்காய்தானே வித்தியாசம்?” என்று சொல்லிக்கொண்டே தட்டோடு எழுந்தார். “தம்பி வீட்ல என்னமோ வாசமா இருக்கு. சும்மா ஒரு வாய் பாத்துட்டு வாரேன்.”

சும்மா பார்க்கப் போனவர் துடைத்து வைத்ததுபோன்ற தட்டோடு திரும்பி வருவார். வந்த பிறகும் விரலை மோந்து பார்ப்பார். அதைப் பார்க்கும்போது வீரம்மாவுக்கு வயிற்றுக்குள் யாரோ அம்மி போட்டு மிளகாய் அரைப்பதுபோல இருக்கும். அவள் வைத்த சாம்பார் அடுப்பிலேயே ஆறி, மேலே ஆடை படிந்து கிடக்கும்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு வியாழக்கிழமை நடந்தது.

“கடைசிச் சனிக்கு இந்த வருசம் பிரமிளாவே சமைக்கட்டுமே,” என்றார் பிச்சைமுத்து, செருப்பை மாட்டிக்கொண்டே. “ஒனக்கும் முட்டி வலி. அதுவும் நல்லாத்தானே செய்யுது.”

வீரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏன், நான் போய்ச் சேந்துட்டனா?”

“இப்ப என்ன சொல்லிட்டேன்?”

“மூத்தவ நான் கல்லு மாதிரி இருக்கறப்ப எளையவ படையல் வைப்பாளா? ஒங்க தங்கச்சி ராக்காயி வருவா. வாய வச்சுக்கிட்டு சும்மா இருப்பாளா? வீரம்மாவ ஒதுக்கி வச்சாச்சுன்னு சுங்காய் பூரா தமுக்கடிச்சிட மாட்டா?”

அது வெறும் வீறாப்பு இல்லை. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போடுவது அந்தக் குடும்பத்தில் மூத்த மருமகளின் உரிமை. காளியம்மா தன் கண் மூடுவதற்கு முன் எல்லாரையும் வைத்துக்கொண்டு வீரம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. நகையைக் கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பாள். அதைக் கொடுக்கமாட்டாள்.

“சரி, நீயே செய்யி. ஆனா வருசா வருசம் அதே புளியோதரையும் வடையும்தானே,” என்றார் அவர்.

“அதுவும் வைப்பேன். அவ வைக்கிற தோபுவும் வைப்பேன். சாப்ட்டுட்டு எந்திரிக்க முடியாம கெடங்க.”

சொல்லிவிட்டாள். ஆனால் அந்தத் தோபுவுக்குள் என்ன மாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் பின்பக்கமாகப் போனாள். தன் வீட்டுக் கறிவேப்பிலை மரம் ஆள் உயரத்துக்கு நிற்பது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை. பிரமிளா மேசை நிறைய ஜாம் பாட்டில்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் சாஸை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா! ஒக்காருங்க. இது ஞாயித்துக்கெழம வேல. இப்ப செஞ்சு ஐஸ்பெட்டியில வச்சிட்டா வேலநாள்ல தொல்ல இல்லலா. வந்தோடனே ஒரு பாட்டில எடுத்து தோபு மேல தடவிட்டு குளிக்கப் போயிருவேன். வர்றதுக்குள்ள ஊறிடும். பொரிச்சா சாப்பாடு முடிஞ்சுது. சோயாக் கிச்சாப்பு, புளி, இஞ்சி, எல்லாம் நம்ம வீட்ல உள்ளதுதான். மாத்தி மாத்திச் சேக்கறதுதான் வித்தியாசம்.”

அவள் மறைக்கவே இல்லை. அதுவே வீரம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. மறைத்திருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

“ரெண்டு பாட்டிலு எடுத்துட்டுப் போங்கக்கா. மாமாவுக்கு இஞ்சி போட்டது ரொம்பப் பிடிக்கும்.”

மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்பதை இவள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

“எங்க வீட்டு நாக்குக்கு இதெல்லாம் ஒத்து வராது,” என்று வீரம்மா எழுந்துகொண்டாள். ஆனால் எழும்போது கண் தன் வேலையைச் செய்தது. பாட்டில்களுக்கு நடுவே கடையில் வாங்கிய ஒன்று நின்றது. கனமான கண்ணாடி, சிவப்பு மூடி, உள்ளே தேன்போலக் கரும்பழுப்பாக ஒரு குழம்பு. பிரமிளா எல்லாக் கலவையிலும் அதில் ஒரு கரண்டி விட்டாள். இதுதான் மாயம் என்று வீரம்மா முடிவு கட்டினாள். என்ன அது என்று கேட்டிருந்தால் பிரமிளா சொல்லியிருப்பாள். கேட்க வாய் வரவில்லை. இளையவளிடம் போய்ச் சமையலுக்கு வழி கேட்பதா?

மறுநாள் முச்சந்தியில் இருக்கும் சீனர் கடைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் கிழவி என்று நினைப்பார்கள் என்பது அவள் எண்ணம்.

“எது வேணும் ஆன்ட்டி?” கடைக்காரர் அலமாரியைக் காட்டி மலாயில் கேட்டார்.

“அந்தச் செவப்பு மூடி.”

“ரெண்டும் செவப்பு மூடிதான் ஆன்ட்டி. இது ஒரு மாதிரி, அது ஒரு மாதிரி.”

பக்கத்தில் சாமான் வாங்க நின்ற இரண்டு தமிழ்ப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்று காட்டிக்கொள்ள வீரம்மா பிறக்கவில்லை. “எனக்குத் தெரியும்,” என்று கை நீட்டி, கிட்டத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையிலேயே ராக்காயி சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்து, ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வீரம்மா அடுப்படியில் தனி ஆளாகச் சுழன்றாள். புளியோதரை, வடை, சுண்டல், தயிர்ச்சாதம் எல்லாம் முடித்து, தோபுவையும் கத்தரிக்காயையும் இரண்டு பங்காகப் பொரித்தாள். ஒரு பங்கைச் சும்மா வைத்தாள். மறு பங்கில் மிளகாய் அரைத்து, கிச்சாப்பு ஊற்றி, அந்தச் சிவப்பு மூடிப் பாட்டிலில் பாதியைக் கவிழ்த்துப் பிரட்டினாள். பளபளவென்று வந்தது. ருசி பார்க்கவில்லை. படையலை ருசி பார்க்கக்கூடாது, அடுப்பின் மேல் மூக்கை நீட்டி மோந்துகூடப் பார்க்கக்கூடாது என்பது காளியம்மா போட்ட சட்டம். எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று சட்டியை மேடையில் வைத்தாள்.

சாமி படத்துக்கு முன் தலைவாழை இலை விரித்தாயிற்று. பிச்சைமுத்து நாமம் போட்டுக்கொண்டு சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் கொண்டாரேன்க்கா,” என்று பிரமிளா அடுப்படிக்குள் வந்தாள். சட்டியைத் தூக்கினாள். தொட்டிப் பக்கம் நின்ற பாட்டிலைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

“என்ன, பாத்துட்டியா?” என்றாள் வீரம்மா, உள்ளே இனித்தது. “நீ மட்டுந்தான் செய்வியா?”

பிரமிளா சட்டியோடு திரும்பினாள். ஹாலைப் பார்த்தாள். அங்கே ராக்காயி கண்ணை மூடிக் கை கூப்பி நின்றாள். அடுத்த கணம் சட்டி பிரமிளாவின் கையிலிருந்து நழுவிற்று. தரையெல்லாம் குழம்பும் தோபுவும்.

“ஐயோ!” என்று வீரம்மா அலறிய அலறலில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“சாமிக்கு வைக்கறதக் கொட்டிட்டாளே!” ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அண்ணி நல்லாச் செஞ்சிட்டாங்கன்னு பொறுக்கல. கண்ணாலதான் பாத்தேனே!”

அவள் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வீரம்மா மறுக்கவும் இல்லை. தானும் அதையேதான் நினைத்தாள்.

ஜெயபாலன் பெண்டாட்டியை முறைத்தான். பிரமிளா தலையைக் குனிந்தபடி தரையைத் துடைத்தாள், வீட்டுக்கு ஓடினாள், இஞ்சிப் பாட்டிலோடு திரும்பி வந்தாள். சும்மா வைத்திருந்த பங்கில் அதை ஊற்றிப் பிரட்டி இலைக்கு அனுப்பினாள். கோவிந்தா கோவிந்தா என்று சூடம் காட்டி எல்லாரும் சாப்பிட்டார்கள். பிச்சைமுத்து தோபு மூன்று முறை கேட்டு வாங்கினார். கடைசிச் சனிக்கிழமை, தன் வீட்டில், தன் அடுப்பில், இவள் சாஸ். வீரம்மா தன் இலையில் விழுந்த தோபுவை ஓரமாக ஒதுக்கினாள்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தாள், சிவப்பு மூடிப் பாட்டிலைக் காணோம். பாதி மிச்சம் இருந்ததே! பின்பக்கக் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். செய்தித்தாளில் சுருட்டி, வாழைத்தோலுக்கு அடியில் திணித்து வைத்திருந்தது.

சட்டியைக் கொட்டியது போதாது என்று பாட்டிலையுமா? இதை ராக்காயியின் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்ட வேண்டும். என்ன சாமான் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே என்பதற்காக மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

பாட்டிலின் மேல் ஒரு சிப்பி. ஓடு திறந்து, உள்ளே சதை தெரியப் படம் போட்டிருந்தது. கீழே மலாயில் தீராம் என்று எழுதியிருந்தது. கடல் சிப்பி. பிரமிளா வீட்டுப் பாட்டிலில் இருந்தது குடைபோல ஒரு படம், காளான். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீரம்மா குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெருமாள் இலையில். காளியம்மா கொடுத்துவிட்டுப் போன கையால். ராக்காயி முதல் வாய் வைத்ததும் கண்டுபிடித்திருப்பாள்.

“என்ன அண்ணி அது?” பின்னால் ராக்காயியின் குரல்.

“காலி பாட்டிலு.” தாளைச் சுருட்டி உள்ளே அமுக்கினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெயபாலன் கத்துவது கேட்டது. “மானத்த வாங்கிட்டியே! அண்ணி மொகத்துல எப்படி முழிப்பேன்? ஒனக்கு அப்படி என்ன பொறாம?” பிரமிளாவின் குரல் கேட்கவில்லை. ஒரு வார்த்தை போதும், அவள் தப்பித்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

கைமணமும் இருக்கிறது, புருஷனை இழுக்கும் வாசமும் இருக்கிறது, அதற்கு மேல் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே! வீரம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

மதிலோரம் போய் நிமிர்ந்து நின்றாள்.

“தம்பி! கத்தாத. சட்டி அவ கையில சரியாத்தான் இருந்துச்சு. நான் திரும்பறப்ப என் முட்டிக்கை இடிச்சிருச்சு.”

“நீங்களா அண்ணி?” ஜெயபாலன் வாயைப் பிளந்தான்.

“நான்தான். வயசாச்சில்ல, கண்ணு தெரியல.”

கண்ணு தெரியல என்று அவள் வாயால் சொல்லிக் கேட்டது ராக்காயிக்கே அதிர்ச்சி. “அப்ப இவ்வளவு நேரம் ஏன் அண்ணி சும்மா இருந்தீங்க?”

“சொல்லத் தோணல.” அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல் வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிரமிளா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தாள். இவள் முகத்தில் இன்னும் மாட்டியிருந்த மூக்குக் கண்ணாடியையும் பார்த்தாள்.

ராக்காயி மறுநாள் பஸ்ஸில் சுங்காய்க்கு என்ன கொண்டுபோனாள் என்பது தெரிந்ததுதான். மூத்தவளுக்குக் கை தள்ளாடுகிறது என்ற செய்தி. போகட்டும். சிப்பி போகவில்லை, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசம் வழக்கம்போல மதிலேறி வந்தது. பிச்சைமுத்து தட்டை எடுத்தார்.

“ஒக்காருங்க,” என்றாள் வீரம்மா.

ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனாள். அவள் காய்ச்சிய புளிக்காய்ச்சல், எள்ளும் வெந்தயமும் வறுத்துப் போட்டது.

“இந்தா. எங்க மாமியார் பக்குவம். தோபு மேல தடவுனாலும் ஊறும். இதுல எதையும் கலந்து வைக்காத.”

“சரிக்கா.” பிரமிளா வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தாள். “இஞ்சிக்கா.”

வீரம்மா அதை வாங்கும்போது வேறு பக்கம் பார்த்தாள்.

அன்றைக்குப் பிச்சைமுத்து தன் வீட்டு மேசையிலேயே சாப்பிட்டார். தட்டைத் துடைத்தார், விரலை மோந்து பார்த்தார், ஆகா என்றார். அவர் ஒவ்வொரு ஆகாவுக்கும் வீரம்மாவுக்கு அந்த அம்மி மறுபடி ஓடியது. தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெயபாலன் ஏதோ சொன்னான். புளி என்ற சொல் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் ஊத்து என்றதுபோலும் இருந்தது.

வீரம்மா குழாயை மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.