இரண்டாவது ஆள்

விடியற்காலையில் தார்ப்பாய் மனிதன் சொன்ன பேச்சைக் கேட்காது. இரவெல்லாம் பனியில் ஊறி, எருமைத்தோல் மாதிரி விறைத்துக் கிடக்கும். அதைத் தூக்கி, வீட்டு உயரத்துக்கு அடுக்கிய துணிப் பொதிகளின் மேல் விரித்து, கயிற்றை இந்தப் பக்கக் கொக்கியில் மாட்டி அந்தப் பக்கம் எறிந்து, உடம்பின் முழு எடையையும் கொடுத்து இறுக்க வேண்டும். உள்ளங்கை எரியும். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும். லாரி ஓட்டுவது என்றால் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து இந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்கட்டும்.

டிரைவர் மீசைக்காரர் அன்று கம்பெனியின் லாரி யார்டில் அந்தக் கயிற்றோடுதான் தனியாக மல்லுக்கு நின்றார். உண்மையில் அது இரண்டு பேர் வேலை. ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று, கொக்கியிலிருந்து கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்வார். ஆனால் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்பதை முதலாளி ஒன்றாக்கி மூன்று மாதம் ஆகிறது. நாட்டின் இந்தக் கோடி நகரத்திலிருந்து அந்தக் கோடி நகரத்துக்கு இரண்டு பகல், இரண்டு இரவு ஓட்டம். முன்பெல்லாம் ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்குவார். இப்போது ஓட்டுபவரேதான் தூங்கவும் வேண்டும். எப்போது தூங்குவது என்பதை மட்டும் முதலாளி சொல்லவில்லை. "ரோடு நல்லா இருக்கு, வண்டி புதுசு. எதுக்கு ரெண்டு பேரு? உக்காந்து கதை பேசவா?" என்று கேட்டுவிட்டுப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். மிச்சமிருந்தவர்கள், நம் தலை தப்பியதே என்று வாயை மூடிக்கொண்டார்கள். மீசைக்காரரும் மூடிக்கொண்டார், அவ்வளவு பெரிய மீசை இருந்தும்.

அவரும் நெட்டையனும் வெகுகாலம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். ஒருவன் குறட்டை இன்னொருவனுக்குத் தாலாட்டு. இருவரையும் பிரித்து ஆளுக்கொரு வண்டி கொடுத்திருந்தார்கள். அன்று இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன.

"மச்சான், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியேன், கொக்கி லூசா இருக்கு" என்று நெட்டையன் பொதிகளின் உச்சியிலிருந்து கூப்பிட்டான்.

மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவனவன் வண்டியை அவனவன் பார்த்தால் போதும் என்பது அவருடைய புதுச் சட்டம். மீசைக்காரர் அவரைப் பார்த்தார். "இதை முடிச்சுட்டு வரேன்டா" என்றார்.

முடிக்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கொக்கியில் இருந்து கயிறு விடுபட்டு, இழுத்த வேகத்தில் நெட்டையன் மல்லாக்கச் சிமென்ட் தரையில் விழுந்து கிடந்தான். கயிற்றை மட்டும் கை விடவில்லை. மீசைக்காரர்தான் முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கினார்.

மதியம் முதலாளி மீசைக்காரரை அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் டிரைவர்கள் போவது அபூர்வம். உட்காரச் சொன்னார். மீசைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்ல பையன். பாவம். ஆனா குடிச்சிருந்தானாமே?"

"அவனா? டீயைத் தவிர எதையும் தொடமாட்டான் முதலாளி."

"நீ அவன்கூடவேவா இருந்தே? எல்லாரும் சொல்றாங்க. சாயங்காலம் இன்சூரன்ஸ்காரர் வருவார். தூக்கினது நீதானே, வாடை அடிச்சுதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா கம்பெனி தலையில விழும். கம்பெனி விழுந்தா நீங்க எல்லாரும்தானே விழுவீங்க?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் ஏசி வண்டி ஒண்ணு வருது. உனக்குன்னு வெச்சிருக்கேன். இப்போ அவன் வண்டியைக் கட்டி வை, இன்சூரன்ஸ்காரர் போனதும் அதை எடுத்துட்டுக் கிளம்பிடு. அங்கே பார்ட்டி சரக்குக்குக் காத்துக்கிட்டிருக்கான்."

"ஒருத்தன் போட்ட கயிறை இன்னொருத்தன் தொடமாட்டோம் முதலாளி. எந்தப் பொதியை எதை நம்பி வெச்சிருக்கான்னு கட்டினவனுக்குத்தான் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஆமா, பெரிய ராஜாங்க ரகசியம்! சரி, போய்க் கேட்டுட்டு வா. உயிரோடதானே இருக்கான்?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஏசி வண்டி மீசைக்காரர் கூடவே வந்தது. வெயில்காலத்தில் எஞ்சின் சூட்டில் வெந்த கால்கள் அவருடையவை. ரெண்டு வார்த்தைதானே, அவனுக்கு அதனால் இனி என்ன கெட்டுவிடப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை அவர் திட்டவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் அவர் அப்படித்தான் படியேறினார்.

பொது வார்டில் கடைசிக் கட்டில். நெட்டையனுக்குக் கட்டில் போதவில்லை, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் மனைவி அந்தப் பாதங்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான். இவ ஒரு மணி நேரமா கிச்சுக்கிச்சு மூட்டுறா. சிரிப்பே வரமாட்டேங்குது" என்றான் நெட்டையன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று மீசைக்காரர் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கயிறு விஷயத்தைச் சொன்னார்.

"தாராளமா தொட்டுக்கோ. பின்பக்கம் இடது மூலைப் பொதி மட்டும் சாஞ்சிருக்கு, அதைத் தட்டி உட்கார வெச்சிட்டு இறுக்கு" என்றான் நெட்டையன். விழுந்து கிடக்கும்போதும் அவனுக்குப் பொதி ஞாபகம்.

அவன் மனைவி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நீங்க இறுக்கும்போது அந்தப் பக்கம் யாருண்ணே பிடிப்பாங்க?"

பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

"காலையில மேனேஜர் வந்தாரு. குடிச்சிட்டு விழுந்தாருன்னு சொல்றாங்களே, அப்படியாம்மான்னு என்கிட்டயே கேக்குறாரு. ராத்திரி பூரா பிள்ளைக்குக் காய்ச்சல்னு பக்கத்துல உக்காந்திருந்த மனுசன். கால் போனா போகுதுண்ணே, நான் சம்பாதிச்சுப் போடறேன். குடிகாரன்னு பேரு வெச்சு அனுப்பினா அதை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? தூக்கினவங்க ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கலை?"

தூக்கியவர் அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் கூப்பிட்டான்மா. நான் போகலை" என்று மட்டும் சொன்னார்.

யார்டுக்குத் திரும்பியதும் கைகழுவும் குழாயடியில் டிரைவர்களைக் கூட்டி, ஏசி வண்டியையும் ரெண்டு வார்த்தையையும் ஒளிக்காமல் சொல்லி, வண்டிகளை நிறுத்தலாம் என்றார். சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய கண்ணாடிக்காரர் முணுமுணுத்தார்.

"பொய் சொல்லாதே, சரி. அதோட விட்டுடு. வண்டியை நிறுத்தினா நாளைக்கே வேற ஆளை வெச்சுக்குவான்."

"போன மாசம் வளைவுல தூங்கி, லாரியைப் பள்ளத்து ஓரம்வரை கொண்டுபோனது யாரு?" என்று கேட்டார் மீசைக்காரர்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்" என்றார்.

"இன்னிக்கு அவன். அடுத்தது நீயா நானான்னு சீட்டுக் குலுக்கிட்டிருக்கோம். மூணு மாசம் முன்னாடியே கேட்டிருக்கணும், கேட்கலை. இனிமே ரெண்டாவது ஆள் இல்லாம நான் வண்டியில ஏறமாட்டேன்."

"அந்தக் கோடி ஊர் ஆபீஸ்ல இருந்து ஆளை வரவழைப்பான்" என்றார் இன்னொருவர்.

அது நியாயமான பயம். அந்த ஊர் டிரைவர்களை இவர்கள் நெடுஞ்சாலையில் எதிரே வரும் விளக்காகத்தான் பார்த்திருக்கிறார்கள். லைட்டை அணைத்துப் போட்டு ஒரு வணக்கம், அவ்வளவுதான் உறவு. மீசைக்காரர் அங்கே லோடு இறக்கும் இடத்தில் பழகிய ஒருவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தை முழுக்கச் சொன்னார்.

"இங்கே போன வாரம் ஒருத்தன் இப்படித்தான் விழுந்தான்" என்றது குரல். "அவனையும் குடிச்சிருந்தான்னுதான் சொன்னாங்க. நாங்களும் நம்பித் தொலைச்சோம். நீங்க நிறுத்துங்க. நாங்களும் வண்டி எடுக்கலை."

சாயங்காலம் முதலாளி இன்சூரன்ஸ்காரரோடு யார்டுக்கு வந்தார். மேகம் கறுத்து, காற்றில் மண் பறந்துகொண்டிருந்தது.

"இவர்தான் தூக்கினவர். சொல்லுப்பா" என்றார் முதலாளி.

"அவன் குடிக்கலைங்க. கொக்கி லூசு. பிடிக்க ஆள் இல்லை. ரெண்டாவது ஆளைக் கம்பெனி நிறுத்திடுச்சு. பக்கத்துல இருந்த என்னைக் கூப்பிட்டான், மேனேஜருக்குப் பயந்து நான் போகலை. இதான் நடந்தது."

முதலாளியின் முகம் மாறியது. "யோசிச்சுத்தான் பேசுறியா? இதோட உனக்கு இங்கே வேலை கிடையாது."

"எனக்கும்தான் கிடையாது" என்று கண்ணாடிக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சுமை தூக்குபவர்களும் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

"வண்டிக்கு ரெண்டு பேர். அவன் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. அதுவரைக்கும் எந்த வண்டியும் கிளம்பாது, ரெண்டு ஊர்லயும்" என்றார் மீசைக்காரர்.

"பட்டினி கிடந்து சாவுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி மாடிக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ்காரர் காரில் ஏறினார்.

முதல் தூறல் விழுந்தது. நெட்டையன் வண்டியில் தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. மீசைக்காரர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேலே ஏறினார். கண்ணாடிக்காரர் எதிர்ப்பக்கக் கொக்கிக்கு ஓடினார். அவர் பின்னால் நாலு பேர், ஆறு பேர் ஓடினார்கள். இடது மூலைப் பொதியைத் தட்டி உட்கார வைத்துத் தார்ப்பாயை இழுத்தார்கள்.

மாடி ஜன்னலில் இதைப் பார்த்த முதலாளிக்கு முகம் மலர்ந்தது. குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடிவந்தார்.

"அப்படி வாங்கடா வழிக்கு! எல்லாம் வாய்ச்சவடால்தான்னு எனக்குத் தெரியாதா? மழை வலுக்கறதுக்குள்ளே கிளப்பு, கிளப்பு!"

மீசைக்காரர் பொதிகளின் உச்சியில் நின்று, நனைந்த மீசையை வழித்துக்கொண்டார்.

"வண்டி போகாது முதலாளி. சரக்கு நனையக் கூடாதுன்னு மூடுறோம். இந்தத் துணியை நெய்தவங்களும் எங்களை மாதிரி ஆளுங்கதான்."

முதலாளி மழையில் நின்றார். அவர்கள் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.