நூருன்னிசா ஏறாத மலை

1
இந்தக் கதை நானாக யோசித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. 1986இல் பழவேற்காட்டு இறால் வியாபாரி அப்துல் ஷுக்கூர் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "நீங்க கதை எழுதுறவருன்னு சொன்னாங்க. கதையிலயாவது எம் பொண்ண அந்த மலைக்குப் போவ வுடுங்க."

2
ஏரியின் மீது காலை வெயில் மெல்ல...

(வேண்டாம். மகளிடமிருந்தே தொடங்குகிறேன்.)

நூருன்னிசா பம்பாயில் வானியல் ஆராய்ச்சி செய்துவந்தாள். செயற்கைக்கோள் ஒன்று எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒரு மங்கலான திட்டு அவள் கண்ணில் பட்டது. சாதாரண வானப் படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

(அவள் எனக்கு விளக்கியது: விண்மீன் திரள்கள் பல கொத்தாகச் சேர்ந்திருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள கொதிக்கும் வாயு எக்ஸ்ரேயில் ஒளிரும். திரள்கள் கண்ணுக்குச் சிக்காத தொலைவிலும் அந்த ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.)

அது அப்படியொரு கொத்தா, படத்தின் கோளாறா? பெரிய தொலைநோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். மாதக்கணக்கில் காத்திருந்து, 1983இல் ஒரு மலையுச்சித் தொலைநோக்கியில் அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாரம் ஊரிலிருந்து தந்தி வந்தது. வாப்பாவுக்கு நெஞ்சுவலி.

3
ஓடிவந்தாள். தெருமுனையில் வாப்பாவே கறி வாங்கிக்கொண்டு எதிரே வந்தார். வீட்டில் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

"இன்னா வாப்பா இது?"

"வேற எப்டி கூப்ட்டா நீ வருவே?"

அந்தச் சம்பந்தமும் கூடவில்லை. தொலைநோக்கி வேறொருவருக்குப் போனது. மறுவருடம் வெளிநாட்டுக் குழு ஒன்று அதே திட்டைத் திரள்களின் கொத்து என்று அறிவித்தது. அதன்பிறகு அவள் பெருநாளுக்கு மட்டும் வருகிறாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாகப் பேசுவதில்லை.

4
ஷுக்கூர் கேட்டபடியே எழுதினேன்:

தந்தியை மடித்து வைத்துவிட்டு அவள் மலையேறினாள். வானம் தெளிவாக இருந்தது. அவள்

(இதற்குமேல் பேனா நகரவில்லை. பெருநாளுக்கு வந்திருந்த அவளிடமே, அவர்கள் வீட்டுத் திண்ணையில் காட்டினேன்.)

"அடிச்சுடுங்க சார்," என்றாள். "வாப்பாவுக்கு நெஞ்சுவலின்னு பாத்தப்புறமும் போனவளா என்னை எழுதாதீங்க. பொய்யின்னு எனக்கு அப்போ தெரியாது."

"தந்தியே வரலைன்னு எழுதட்டுமா?"

தாளை என்னிடமே திருப்பித் தந்தாள். "அத நீங்க எழுத முடியாது சார். வாப்பா அனுப்பாம இருந்திருக்கணும்."

5
உள்ளறையிலிருந்த ஷுக்கூருக்கு எல்லாம் கேட்டிருந்தது. வெளியே வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நூரு..." என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். அவர் அடுத்து என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் குரலாகவே இருக்கிறது. நீங்கள் ஒரு தகப்பனாகவோ மகளாகவோ இருந்தால், எழுதிப் பாருங்கள்.