வலப்பக்கத்து ஹாரன்

"ஹாரன் வரவே இல்ல தியாஸ். உன் சத்தம் ஊமையாப் போச்சு" என்று கணவன் சுகெங், காதில் இயர்போனோடு, போனை நீட்டியபோது, தியாஸ் அடுப்பில் சோயாத் துண்டுகளான தெம்பே வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனில் பஸ் ஓட்டும் கேமுக்குச் சொந்தமாகச் சத்தம் தயாரித்துக் கொடுப்பதில் சாலாதிகாவில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஊரான் பஸ்ஸுக்கெல்லாம் ஒழுங்காகக் கூவிய ஹாரன், கட்டிய புருஷன் ஓட்டுகிற பஸ்ஸுக்கு மட்டும் மக்கர் செய்தால் எப்படி?

அவன் பிறந்தநாளுக்கென்று செய்தது அது. டிப்போவுக்கே போய், ஜகார்த்தாவுக்கு அவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறி, இன்ஜின், கதவு, வைப்பர் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வந்திருந்தாள். ஹாரனில்தான் கைவரிசை. டிரைவர் வலப்பக்கம்தானே உட்காருகிறார்? அவர் காதுக்கு ஜன்னல் வழியாக வருவதுபோல் ஹாரனின் மெட்டை முழுக்க வலது பக்கத்தில் மட்டும் வைத்திருந்தாள். வேறு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பதில் அவளுக்குப் பெருமை.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோப்பின் பெயர் சரி. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். போனிலிருந்து இயர்போனை உருவிவிட்டு, திரையில் ஹாரனைத் தட்டினாள். வீடே அதிர ஹாரன் பாடியது.

"இதோ வருதே!"

"இப்ப வருது. மாட்டினா வரல."

"இயர்போன் போயிருக்கும்" என்று தன் காதில் மாட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. குழம்பிப்போய், அவளே அவன் காதுகளில் திரும்ப மாட்டிவிட்டு ஹாரனைத் தட்டினாள்.

சுகெங்கின் முகம் மலர்ந்தது. "வந்துருச்சு! அடேயப்பா, என் வண்டியேதான். என்ன பண்ணின?"

அவள் ஒன்றுமே பண்ணவில்லை. அவசரத்தில் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தாள், அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். ஜன்னல் காற்று ஆகவில்லை என்று சொல்லி அவளைத் தனக்கு இடப்பக்கம் படுக்கச் சொன்னது, சந்தைக்குப் போகும்போது சுற்றி வந்து அவளுக்கு வலப்பக்கம் சேர்ந்துகொள்வது, கூப்பிட்டால் திரும்பாமல் போவது எல்லாம் ஒன்றாய் வந்து நின்றன. திமிர் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

அவனுடைய வலக்காதிலிருந்ததை உருவிவிட்டு, அங்கே குனிந்து, "கள்ளப்பயலே" என்று மெல்லச் சொன்னாள். அவன் திரையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

மற்றதையும் கழற்றி, எதிரே வந்து உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா வலது காது கேக்கலைங்க?"

அவன் புரியாததுபோல் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். "போன மழைக்காலத்துலேர்ந்து. சொன்னா ஸ்டீரிங்கப் புடுங்கிருவாங்க தியாஸ். எனக்கு வேற என்ன தெரியும்?"

"வலப்பக்கம் ஒரு பைக் ஏறி வந்தா?"

"கண்ணாடில பாத்துக்குவேன்."

"கொட்டுற மழைல?"

அவன் இயர்போன் வயரை விரலில் சுற்றினான். நாளைக்குக் கம்பெனியில் வருடாந்தர உடல் சோதனை. கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். காதைப் பற்றி வாயால் கேட்பதோடு சரி.

"அந்த ஹாரன ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி மாத்திக் குடுத்துருவியா?" என்று கேட்டான், சின்னப்பிள்ளை மாதிரி.

"அது ஒரு நிமிஷ வேலை. கோப்பத் திருத்த எனக்குத் தெரியும்" என்றாள். "நாளைக்கு நானும் கூட வரேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். வைத்தியம் இருந்தா பாப்போம். இல்லன்னா, டிப்போல வேற வேலை கேப்போம். ஆனா நீங்க சொல்லணும்."

அவன் ஆறிப்போன தெம்பேயில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

அவள் எழுந்துபோய் அவனுக்கு இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். இந்தத் தடவை சரியாகப் பார்த்து, இடதை அவன் இடக்காதிலும், ஹாரன் வரும் வலதைத் தன் காதிலும் வைத்துக்கொண்டாள். திரையில் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. சாலையோரத்தில் பிள்ளைகள் கூட்டமாய் நின்று, ஹாரன் அடிக்கச் சொல்லிக் கைகளை உயர்த்திக் குதித்தார்கள். சுகெங் பட்டனை அழுத்தினான். அழுத்திவிட்டு, சத்தம் வந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.